மீசையில்லாத பெலங்காஸ்

உங்கள் அம்மா வாத்தியாரம்மா ஆவதற்கு முன்னால், எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஒரு காய்ந்த நட்சத்திர மீன் தொங்கியது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

மீன் என்பது பேருக்குத்தான். அது மீனே இல்லை என்று உங்கள் அம்மா சொன்னாள். ஐந்து கை, அடியில் நடுவிலே வாய். தலை கிடையாது, மூளையும் கிடையாது. கையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாகக் குழாய்க் கால்கள் இருந்த தடம் தெரியும். உள்ளே தண்ணீரை ஓடவிட்டு அந்தக் கால்களை நகர்த்துமாம். தோலில் முள் இருப்பதால் முட்தோலி என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். இவ்வளவையும் அவள் ஆசையாகச் சொல்லி முடித்தபோது நான் கேட்டது ஒன்றுதான்.

"இத யாரு கொண்டாந்து குடுத்தா?"

"பக்கத்துத் தோட்டத்து வாத்தியாருங்க."

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம். நியாலாஸ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று கேட்டில் போகும்போதும் வரும்போதும் ஆளையும் பையையும் தடவித்தான் விடுவார்கள். நான் பால் வெட்டினேன். உங்கள் அம்மா தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமைகளில் மலாக்கா டவுனில் பயிற்சி வகுப்பு. அந்த வருசம் உயிர்களை இனம் பிரித்து ஒட்டிய ஓர் அட்டையைச் செய்து காட்ட வேண்டும். அது தேறாவிட்டால் வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் அவளும் என்னோடு வாளி தூக்க வேண்டியதுதான்.

அந்த வாத்தியாரும் அதே வகுப்பு. கல்யாணம் ஆகாதவர். வெள்ளைச் சட்டை, பையில் மைப்பேனா, ராலி சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மணியடித்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் பிடித்து வந்த பூரான், வண்டு, தேள் எல்லாம் எங்கள் வீட்டுச் சீசாக்களில் இருந்தன. கால் கணுக்கணுவாக இருந்தால் கணுக்காலி. அதிலே ஆறு கால் என்றால் பூச்சி, எட்டுக்கால் என்றால் சிலந்தியும் தேளும், பத்துக்கால் என்றால் நண்டும் இறாலும். இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லும்போது நான் வெளியே கத்தி தீட்டிக்கொண்டிருப்பேன். தீட்ட வேண்டிய அவசியம் இல்லாத கத்தி.

அட்டையில் கடைசித் தலைப்பு ஆதி முதுகுநாணி. நமக்கு முதுகெலும்பு இருக்கிற இடத்தில் வெறும் நாண் மட்டும் உள்ள ஆதி உயிர்கள். அதில் ஒட்ட யாரிடமும் எதுவும் இல்லை.

"கடல்ல ஒண்ணு இருக்காம் டீச்சர்," என்றார் வாத்தியார். "குட்டியா இருக்கறப்ப வாலு, அதுல நாண், ஜோரா நீந்துமாம். அப்புறம் ஒரு கம்பத்துல போயி ஒட்டிக்குமாம். ஒட்டினதும் வாலும் போச்சு, நாணும் போச்சு. வெறும் பைதான். அமுக்கினா தண்ணி பீச்சும்." என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கல்யாணம் கட்டின ஆம்பள மாதிரி. என்னாண்ணே?"

உங்கள் அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சிரிப்பு வந்தால் அவளும் என்ன செய்வாள், பாவம். ஆனால் அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. இவள் வாத்தியாரம்மா ஆகிவிட்டால், வெட்டுக்காரன் பேச்சு இவள் காதில் விழுமா என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு விடியலில் டவுனுக்குப் போகும் தோட்டத்து லோரியில் ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து உம்பாய்க் கடற்கரைக்குப் போனேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அண்ணனிடம், பெரிதாக, யாரிடமும் இல்லாததாக ஏதாவது வேண்டும் என்றேன். அவர் இரண்டு பெலங்காஸைக் காட்டினார்; குதிரைலாட நண்டு என்பார்களே, அது. கவிழ்த்த சட்டி மாதிரி ஓடு, ஈட்டி மாதிரி வால். பெரியது பெட்டை. அதன் முதுகைப் பிடித்தபடி சின்னதாக ஆண். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. அப்படியே சாக்கில் போட்டுக் கட்டினேன்.

மத்தியானம் எங்கள் கேட்டுக்கு வந்தேன். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் போலீஸ் தெரிந்த ஆள்தான். சாக்கை அவிழ்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இனி மக்கானான்," என்றார். இது உணவுப் பொருள் என்று அர்த்தம்.

"இல்லை துவான், ஸ்கோலா பூஞ்யா." பள்ளிக்கூடத்துச் சாமான் என்று நான் கெஞ்சினேன்.

அவர் பெட்டையைத் திருப்பித் தட்டினார். உள்ளே முட்டை. சுட்டுத் தின்பார்கள். முட்டை உள்ளது உணவு, உணவுக்குச் சீட்டு வேண்டும், சீட்டு என்னிடம் இல்லை. ஆணின் முன்காலில் இருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி இரண்டையும் பிரித்தார். ஆணில் தின்ன ஒன்றும் கிடையாது.

"ஜந்தான் போலே மாசோக் லா." ஆண் உள்ளே போகலாம்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்த அந்தப் பெலங்காஸும் நானும் லயத்துக்கு நடந்தோம். வாசலில் ராலி சைக்கிள் நின்றது.

சாக்கைக் கொட்டினேன். உங்கள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். குச்சியால் மெல்லப் புரட்டி, ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்தாள். நட்சத்திர மீனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

"நண்டு," என்றார் வாத்தியார். "பத்துக்காலு, எண்ணிப் பாருங்க. நண்டு வரிசையில ஒட்டுங்க டீச்சர்."

"காலு சரிதான் சார். மீச எங்க?"

"என்னா மீச?"

"நண்டுக்கு, இறாலுக்கு, பூச்சிக்கெல்லாம் தலையில மீச இருக்கு. இதுக்கு இல்ல. வாய்கிட்ட பாருங்க, குட்டியா ஒரு சோடி இடுக்கி. தேளுக்கு இருக்கற மாதிரியே. வயித்துக்குக் கீழ புஸ்தகத் தாள் அடுக்கின மாதிரி செவுளு. இது சிலந்தி, தேளு பக்கம் சார்."

"கடல்ல சிலந்தியா? சிரிப்பாங்க டீச்சர். அட்டைய கெடுத்துக்காதீங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. கரையில என்னான்னு சொல்லி வாங்குனீங்க?"

நண்டு என்று நினைத்துத்தான் வாங்கினேன். என் கண்ணுக்கும் அது நண்டுதான். ஆனால் அந்த வாயிலிருந்து நண்டு என்ற சொல் வந்த பிறகு அது எப்படி நண்டாக இருக்க முடியும்?

"சிலந்திதான்," என்றேன். "பாத்தாலே தெரியுதே."

உங்கள் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தேளுக்குப் பக்கத்தில் பெரிதாக இடம் விட்டுக் கோடு போட்டாள்.

சனிக்கிழமை அட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் டவுனுக்குப் போனேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தால், எல்லார் அட்டையிலும் நட்சத்திர மீன். அத்தனை பேருக்கும் அந்த வாத்தியார்தான் கொண்டுவந்து கொடுத்தாராம். நான் இத்தனை நாள் வயிறெரிந்தது ஒரு மொத்த வியாபாரத்தைப் பார்த்து. அப்போதும் நிம்மதி வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் அதிலே பெரிய மீனோ என்று ஒவ்வோர் அட்டையாக அளந்துகொண்டு நின்றேன்.

பாடம் எடுப்பவர் உங்கள் அம்மாவின் அட்டை முன்னால் வந்து நின்றார். "பெலங்காஸ ஏம்மா இங்க ஒட்டுன?" என்றார். வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் குனிந்து வாயருகே இருந்த இடுக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரியாத்தான் பிரிச்சிருக்க. யாரு கொண்டாந்தா?"

"வீட்டுக்காரருங்க."

அந்த ஒரு சொல்லை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். மைப்பேனா வாத்தியார் காதிலும் அது விழுந்தது.

"ஆனா கடைசித் தலைப்புல வெறும் படந்தான் இருக்கு. ஒருத்தர்கிட்டயும் சாமான் இல்ல. அடுத்த மாசம் அந்தக் கடல் பைய யாராச்சும் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார். அட்டை தேறிவிட்டது.

பஸ்ஸில் உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள். "அது சிலந்திப் பக்கம்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிச்சு?"

"அவரு நண்டுன்னாரே."

ஜாசின் டவுன் வரும்வரை அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

இறங்கிய இடத்தில், முந்தின பஸ்ஸில் வந்துவிட்ட வாத்தியார் காத்திருந்தார். "அண்ணே, உம்பாயில அந்தக் கம்பத்துல ஒட்டற பை கெடைக்குமா? எனக்கு அந்தப் பக்கம் யாரையும் தெரியாதே."

அதுவரை என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. நிதானமாக யோசிப்பது போல நின்றேன்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் போவோம் தம்பி. நாந்தான் வழி காட்டணும். நீங்க சைக்கிள மிதிங்க, நான் பின்னால குந்திக்கிறேன்."

"அவ்வளவு தூரமா? ஒரு நாளு போதாதேண்ணே."

"அதனால என்ன. எல்லா ஞாயிறும் போவோம்."