அறுபதாம் படியில் அணைத்த கற்பூரம்

அக்காவின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படியில் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ததில் வந்தது. அந்தப் படியில் செய்த சத்தியத்தைக் கோர்ட்டே ஒப்புக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் பெருமை பேசுவார்கள். எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது.

எழுபதுகளின் கடைசி. தாய்மாமன் தன்னிடம் தகாதபடி நடக்கிறார் என்று பத்து வயது அக்கா அம்மாவிடம் சொன்னாள். மாமன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி முதலாளி. வெளியூர் போய் வரும்போதெல்லாம் எங்களுக்குத் துணிமணி வாங்கி வருபவர். கூடிப் பேசிய உறவுக்காரர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "அவரு மரியாதப்பட்ட மனுசனுங்க. புள்ளயப் படிக்குக் கூட்டிட்டுப் போயி சத்தியம் வாங்கிப்போடலாமுங்க." மாமன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மலையேறினாள்.

பொய் சொன்னால் கண் போய்விடும் என்று மிரட்டினார்கள். அவள் தயங்காமல் அடித்தாள். அப்புறமும் நம்பவில்லை. புள்ள அழவே இல்லையே என்றார்கள். அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள். அடுத்த வருஷம் மாமன் இரண்டாவது லாரி வாங்கினார். சாமி தண்டிக்கவில்லை, ஆகவே அக்கா சொன்னது பொய் என்று முடிவாயிற்று. வேலிக்கு ஓணான் சாட்சி. மாமனுக்கு லாரி சாட்சி.

குழந்தையைக் கெடுப்பவன் முகந்தெரியாத குடிகாரன்தான் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டுக்கு அவன் சீர்த்தட்டோடு வந்தான். அன்றைக்கே கத்தியிருக்கலாமே என்பார்கள். நடப்பதற்குப் பெயரே தெரியாத குழந்தை எதைச் சொல்லிக் கத்தும்? அக்கா கல்யாணமாகி மேட்டூரில் தட்டச்சு வேலைக்குப் போனாள். விசேஷங்களில் வாய்விட்டுச் சிரித்தால், "பாத்தீங்களா, ஒண்ணும் நடக்கல" என்பார்கள். ஒருநாள் முகம் வாடியிருந்தால், "கெட்டுப்போன புள்ளதானுங்க" என்பார்கள். எலும்பில்லாத நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். பிழைத்தெழுந்து வேலைக்குப் போய்ச் சோறு தின்பவளை அவர்களுக்குக் கண்டாலே ஆகாது.

எண்பதுகளின் கடைசியில், ஒரு பொங்கலுக்கு நாங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அவருடைய பேத்தி, டியூஷன் வாத்தியாரைப் பற்றி அக்கா சொன்னது போலவே சொன்னாள். பெரியப்பா கற்பூரம் வாங்கிவர ஆளனுப்பினார். பழக்கம் விடுமா?

கற்பூரப் பொட்டலம் வந்ததும் அக்கா அதை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "அந்த வாத்தியாரக் கூட்டிட்டுப் போங்க, பெரியப்பா" என்றாள்.

குழந்தை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் படிக்கு வரோணுமா, அத்தை?" என்று கேட்டது.

"வேண்டாஞ் சாமி. நீ சொன்னதே போதும். நான் நம்பறேன்."

பத்து வயதில் அக்கா கை வெந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.