உடைந்த வாளும் பதினேழு டேப்பும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரசன்னா லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் ஆபீஸ் நண்பர். பெங்களூர் பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஆபீஸில் ஏதோ கோளாறு, பாவம் லீவு நாளிலும் வேலை என்று நினைத்து என் மனைவி சுதா அவசர அவசரமாகக் காபி போட்டாள்.

கோளாறு எதுவும் இல்லை. எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்து காட்டினார். பதினேழு டேப், அதாவது ஒரே ஷீட்டுக்குள் பதினேழு தனித்தனிப் பக்கம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாகக் கணக்கு. எல்லாம் எதற்கு? ஒரு வீடியோ கேமில் எந்த ஆயுதத்தை எடுப்பது என்று முடிவு செய்ய!

"குரு, இதுதான் ஃபைனல். இதுக்கு மேல யாராலயும் ஆப்டிமைஸ் பண்ண முடியாது" என்றார். பெங்களூர்க்காரருக்கு எதிரே நிற்கிற யாரும் 'குரு'தான்.

இதற்கு முன்பு அவருடைய ஃபைனல்கள் பத்தைப் பார்த்திருக்கிறேன்.

வீடியோ கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது பாழடைந்த கோட்டை, பேய், ராட்சசன் வகையறா. ரொம்பக் கஷ்டம் என்பதுதான் அதன் விளம்பரமே. காசு கொடுத்து வாங்கிச் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும். ஏழு ராட்சசர்களைக் கொன்றால் கதை முடியும். ஆரம்பத்திலேயே நீங்கள் யார் என்று கேட்கும் — வீரனா, மந்திரவாதியா, கைதியா? அப்புறம் எதிரிகளைக் கொல்லக் கொல்லப் புள்ளிகள் சேரும். செத்தாலும் அவை போகாது. அந்தப் புள்ளிகளைப் பலத்தில் போடலாம், வேகத்தில் போடலாம், மந்திரத்தில் போடலாம். எதில் எவ்வளவு போட்டு, எந்த ஆயுதத்தைத் தூக்குகிறீர்களோ, அதற்குப் பெயர் 'பில்ட்'. போட்டால் போட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எங்கள் பெங்களூர் ஆட்கள் உள்ளே நுழைகிறார்கள்.

இந்த ஊரில் எதையும் நாங்கள் சும்மா செய்வதில்லை. காலையில் ஓடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், எந்த ஷூ என்று மூன்று வாரம் ஆராய்ச்சி நடக்கும். நாலாவது வாரம் ஷூ வரும். ஓட்டம் வராது. பால்கனியில் தக்காளிச் செடி வைக்க ஆசைப்படுபவர் மண்ணைப் பற்றி நாற்பது வீடியோ பார்ப்பார். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்.

பிரசன்னா இந்தக் கூட்டத்தின் தலைவர். இரண்டு மாதத்தில் அந்த விளையாட்டைப் பதினோரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். எங்கோ ஒரு வெள்ளைக்காரன் "இந்த ஈட்டி வேஸ்ட்" என்று வீடியோ போட்டால் போதும் — எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் பிள்ளையார் சுழி. இப்படிப் பதினோரு பிறவி எடுத்து அவர் கொன்ற ராட்சசர்கள் எத்தனை பேர்? ஒருத்தன்.

நான் மட்டும் யோக்கியமா? நான் டெக்னிக்கல் ரைட்டர். எந்த பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். இரண்டு ராட்சசர்களைக் கொன்றுவிட்டு மூன்றாவது ஆள் முன்னால் ஐந்து வாரமாக நின்றுகொண்டிருந்தேன். ஆனால் பேசச் சொல்லிப் பாருங்கள். ஈட்டியா கோடரியா என்று இரண்டு மணி நேரம் இடைவேளை விடாமல் பேசுவேன்.

அன்று ஹாலில் இன்னொருவனும் இருந்தான். வேலு, சுதாவின் தம்பி. ஊத்தங்கரைப் பக்கத்து ஆள். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பு கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறான். அங்கேயே மூன்று பேரோடு ரூம். எங்கள் சந்தாபுரா வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எப்போதும் எங்கள் வீட்டில். பொழுது போகட்டுமே என்று ஒரு நாள் அவன் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தூங்கிவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவன் பாட்டுக்கு ஆடுவான், நான் பாட்டுக்குத் தூங்குவேன். எதுவரை வந்திருக்கிறான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிரசன்னா காபியை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார். டிவியில் ஒரு பெரிய இரும்புக் கதவு தெரிந்தது.

"குரு... அது ஏழாவது ராட்சசனோட கதவு."

நானும் பார்த்தேன். வீடியோக்களில் பார்த்த அதே ஏழாவது கதவேதான்.

பிரசன்னா கன்ட்ரோலரை வாங்கி, வேலுவின் ஆளுடைய விவரங்களைத் திறந்தார். வேலு எடுத்திருந்தது கைதி. பட்டியலிலேயே மட்டமான ஆள். கிழிந்த சட்டை. கையில், ஆட்டம் தொடங்கும்போது தரையிலிருந்து பொறுக்கும் பாதி உடைந்த வாள். பலம், வேகம், மந்திரம் எல்லாம் முதல் நாள் இருந்தபடியே இருந்தன. மேலே மூலையில் செலவழிக்காத புள்ளிகள் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன.

"வேலு, புள்ளிய எதுலயுமே போடலியா நீ?"

"எந்தப் புள்ளி சார்?"

"இதோ, மேல நம்பர் ஏறிட்டே இருக்கே."

"அதுவா? ஸ்கோருன்னு நெனச்சேன் சார்."

பிரசன்னா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சரி, வேற வாள் எதுவும் கெடைக்கலியா?"

"கெடக்குது சார், பையில ஏழெட்டு. என்னாத்துக்கு? இது கைக்குப் பழகிப்போச்சு."

"அப்புறம் எப்படிடா ஆறு பேரைக் கொன்ன?" என்று நான் கேட்டேன்.

"எல்லாவனும் மெஷினு மாதிரிதான் மாமா. ஒரு சைக்கிள் இருக்குது. மூணு வாட்டி வீசுவான். அப்புறம் ஒரு கேப் உடுவான். அந்தக் கேப்புல ஒரு குத்து குத்திட்டு வெளிய வந்துடணும். எங்க லைன்ல பீஸ் மாத்தற மாதிரிதான். இன்னொரு குத்து குத்தலாம்னு ஆசப்பட்டா, கை போய்டும்."

அந்த உடைந்த வாளால் ஒரு குத்துக்கு ஒரு மயிரிழை உயிர்தான் குறையும். ஒரு ராட்சசனை முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆகுமாம். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஷிஃப்டில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு ஒன்றே கால் மணி என்ன பெரிய விஷயம்?

"அடுத்த வாரம் ரூம் பசங்களக் கூட்டியாரட்டுமா மாமா? கடைசி ஆள அடிக்கறதப் பாக்கணுங்கறானுங்க" என்று கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்.

"கூட்டிட்டு வாடா, பிரியாணி செய்றேன்" என்றாள் சுதா சமையலறையிலிருந்து. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பெங்களூர் வந்து மூன்று வருஷத்தில் அவன் யாரையும் எதையும் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? விட்டோமா?

"குரு, இவன் ஃபுல்லா தப்பா ஆடியிருக்கான்" என்றார் பிரசன்னா. ஒருவனைக் கொன்றவர், ஆறு பேரைக் கொன்றவனைப் பற்றிச் சொல்கிறார்! நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. தலையாட்டினேன். ஏனென்றால் ஐந்து வாரமாக மூன்றாவது ராட்சசனிடம் உதை வாங்குகிறவன் நான். மெனுவையே திறக்காத ஒருத்தன், நான் தூங்கும் நேரத்தில், என் வீட்டு சோபாவில், ஏழாவது கதவு வரை போயிருக்கிறான். உதவி செய்கிறோம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உதவி இல்லை, வயிற்றெரிச்சல்.

பிரசன்னா பன்னிரண்டாவது டேப்பைத் திறந்தார். எல்லாப் புள்ளியும் பலத்தில். ராட்சச சுத்தியல். முழு இரும்புக் கவசம். "நாலே அடி. கடைசி ஆள் காலி."

"வேணாம் சார். இப்டியே ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்றான் வேலு.

"டேய், சார் சொன்னா கேளு. எவ்ளோ ஆராய்ச்சி பண்ணியிருக்கார் தெரியுமா?"

இதைச் சொன்னது பிரசன்னா இல்லை. நான்.

வேலு கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டான். அக்கா வீடு, மாமா பேச்சு. வேறென்ன செய்வான்? பிரசன்னா லட்சக்கணக்கான புள்ளிகளை இரண்டே நிமிஷத்தில் கொட்டி முடித்தார். பிறகு உடைந்த வாளையும், பையில் கிடந்த ஏழெட்டு வாள்களையும் கேமுக்குள் இருக்கும் கொல்லனிடம் கொடுத்து, சுத்தியலும் கவசமும் வாங்கி, உருக்கிய இரும்பால் சுத்தியலுக்கு வலு ஏற்றினார். 'நிச்சயமாகவா?' என்று ஒவ்வொரு தடவையும் அந்த விளையாட்டு கேட்டது. நாங்கள் வேலுவிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு. ரூம் பையன்கள் மூன்று பேரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். சோபாவில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்கள். நான் தூங்கவில்லை. பிரசன்னாவும் வந்துவிட்டார், தன் பில்ட் ஜெயிப்பதைப் பார்க்க.

கதவு திறந்தது. ராட்சசன் மூன்று தடவை வீசினான். கேப் விட்டான். வேலு அமுக்கினான். சுத்தியல் மெதுவாக... மெதுவாக... மேலே போனது. அது கீழே வருவதற்குள் ராட்சசன் அடுத்த சுற்றே ஆரம்பித்துவிட்டான்.

செத்தான்.

வேலு மறுபடியும் செத்தான். விலகி ஓட முடியவில்லை, கவசம் அவ்வளவு கனம். "ரோல் பண்ணு! லெஃப்ட்! அய்யோ, லெஃப்ட் குரு!" என்று பிரசன்னா கத்தினார். நானும் கத்தினேன். இருபத்தாறு தடவை செத்தான். எண்ணியவன் நான்தான், வேறு வேலை இல்லையே எனக்கு. முதலில் ஆவலாகப் பார்த்த பையன்கள் அப்புறம் செல்போனைப் பார்த்தார்கள். அப்புறம் தரையைப் பார்த்தார்கள்.

"கேப் பத்தல சார்" என்றான் வேலு ஒரே ஒரு தடவை.

"நீ லேட்டா அமுக்கற" என்றார் பிரசன்னா.

பில்டை மாற்ற ஒரு மருந்து உண்டாம், பிரசன்னா பெருமையாகச் சொன்னார். எங்கே கிடைக்கும்? ஏழாவது ராட்சசனைக் கொன்றால் கிடைக்கும்!

வேலு கன்ட்ரோலரை மெல்ல டீப்பாய் மேல் வைத்தான். "எனக்கு இது வராது போல சார்" என்றான். ஒரு பையன் அவன் தோளைத் தட்டி, "உட்றா, கேம்தான" என்றான். நாலு பேரும் தலைகுனிந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். 'வராது' என்று சொல்கிறவன் யார்? ஆறு பேரைக் கொன்றவனை, ஒரே வாரத்தில் அப்படிச் சொல்ல வைத்துவிட்டோம்.

அதற்கடுத்த ஞாயிறு வேலு வரவில்லை. "ஓவர்டைம் மாமா" என்றான் போனில். அதற்கும் அடுத்த ஞாயிறும் ஓவர்டைம்.

"ஓவர்டைமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரூம்ல படுத்துட்டிருக்கான்" என்றாள் சுதா. "வாரம் ஆறு நாளு சூப்பர்வைசர் தலைக்கு மேல நின்னு கத்தறத கேக்கறான். ஒரு நாளு இங்க வந்தா, நீங்க ரெண்டு பேரும் நிக்கறீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பொம்மசந்திராவில் அவன் ரூமுக்குக் கீழே ஒரு டீக்கடை. இருவரும் நின்றபடியே டீ குடித்தோம். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நாசூக்கான வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"பொறாமைடா வேலு. வேற ஒண்ணுமில்ல. நீ என்னத் தாண்டிப் போய்ட்டேன்னு பொறாம" என்றேன்.

"தெரியும் மாமா" என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த சார் சொன்னதப் பத்தி ஒண்ணுமில்ல. அவரு யாரோ. நீங்க சொன்னீங்கன்னுதான் குடுத்தேன்."

இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். சரி, முதலிலிருந்து ஆடுகிறேன், வருகிறேன் என்றான். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டான்.

"நான் ஆடும்போது நீங்க ரெண்டு பேரும் ஹால்ல இருக்கக் கூடாது மாமா."

போன ஞாயிறு வேலு வந்தான், பையன்களோடு. புது ஆட்டம். அதே கைதியாம். எந்த வாள், புள்ளியை எதில் போட்டான், போட்டானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. இதுவரை அந்த டிவியை ஏறெடுத்தும் பார்க்காத சுதா, தம்பி பக்கத்தில் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள். என்னையும், விஷயம் தெரியாமல் லேப்டாப்போடு வந்து இறங்கிய பிரசன்னாவையும் சமையலறைக்கு அனுப்பி, இரண்டு கிலோ பூண்டைக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டாள். ஊறுகாய் போடப் போகிறாளாம்.

உரிக்க ஆரம்பித்தோம். ஹாலில் திடீரென்று ஒரே கைதட்டல், விசில், சிரிப்பு. எழுந்து பார்க்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டேன். பிரசன்னா என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரு, பூண்ட அப்படி உரிக்கக் கூடாது. அதுக்கு ஒரு மெத்தட் இருக்கு. வீடியோ பாத்தேன்" என்றார்.

அதைவிட நல்ல மெத்தட் ஒன்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?