பூனை வீட்டில் கிரீஸ்

ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வந்த புகார் இதுதான்: "எங்க லிஃப்ட் அழுவுது. சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

போன இரண்டு பேரில் ஒருத்தி லிஃப்ட்டக்கா. வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவள். அதற்கு முன்பு அதே கம்பெனியில் ஃபோனில் புகார் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. எழுதி எழுதிப் பழகி, "கதவு மூடப் போயி திரும்பத் திறந்துக்குதா? அப்ப கீழ பள்ளத்துல கல்லு ஏதாவது மாட்டியிருக்கும், பாருங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கோளாறைச் சொல்ல ஆரம்பித்தாள். போய்ப் பார்த்தால் கல் இருக்கும். "இங்க உக்காந்து சொல்றதை அங்க போயி செய்ய வேண்டியதுதானே" என்று மேலாளர் ஒருநாள் கிண்டலடித்தார். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

கூடப் போனவன் நெட்டையன். எட்டு வருஷமாக அவளோடு சேர்ந்து வேலை பார்க்கிறான். தரைத்தளத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் காஞ்சு போச்சுக்கா. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா வாயை மூடிக்கும்" என்றான்.

அவள் கதவில் கன்னத்தை ஒட்டிவைத்து அரை நிமிஷம் கேட்டாள்.

"பேரிங் நடுநடுவுல மூச்சு வாங்குமாடா? இது மூச்சு வாங்குது."

லிஃப்டை இரண்டாவது மாடியில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கினாள். எத்தனை அவசரமானாலும் இந்த வரிசை மாறாது. குழியில் பழைய எண்ணெய், பிஸ்கட் உறை, யாரோ தவறவிட்ட சாவிக்கொத்து. பெரிய ஸ்பிரிங்குக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு உருண்டை நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கிரீஸ் அப்பிய நாய்க்குட்டி. பின்சுவரில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக வண்டி நிறுத்துமிடத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

"தாய் நாயை நேத்துலேருந்து காணோம்" என்றார் காவல்காரர். "மத்த குட்டியும் இல்ல. யாரோ பிடிச்சிட்டுப் போயிட்டாங்க போல."

குட்டியைத் துணியில் சுற்றி நெட்டையன் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குக் கம்பி வலை அடித்து, இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகே அவள் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தாள்.

வழியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். "மூணு வாரம், மிஞ்சிப் போனா நாலு. பசும்பால் குடுத்துடாதீங்க, வயித்தால போகும். குட்டிகளுக்குன்னே பால்பவுடர் இருக்கு. கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் போட்டுப் புகட்டக் கூடாது, குப்புற வெச்சுதான். வீட்டுல வேற ஏதாவது இருக்கா?"

"மூணு பூனை."

மருத்துவர் கண்ணாடியை இறக்கி அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "ரெண்டு வாரம் தனி அறையில வைங்க. அதுக்கப்புறம் உங்க சாமர்த்தியம்."

அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பவர். பூனைகள் அவருடையவை, அல்லது அவர் பூனைகளுடையவர். மூத்தவளுக்குப் பேர் மேடம், பதினாலு வயது, வீட்டின் சட்டதிட்டம் எல்லாம் அவள் கையில். அடுத்தவன் ஒற்றைக்கண்ணன், பெயரே சொல்லிவிடும். மூன்றாவது பஞ்சு, இரண்டு வயது, தைக்கிற துணி எதுவானாலும் அதன்மேல்தான் தூங்குவாள்.

"கையில என்ன?" என்றார் தையல்காரர், மெஷினை நிறுத்தாமல்.

"நாய்க்குட்டி."

மெஷின் நின்றது. "இது பூனை வீடும்மா."

"தெரியுங்க. ஒரே ஒரு மாசம். கால் ஊணி நடக்க ஆரம்பிச்சதும் நல்ல இடமா பாத்துக் குடுத்துடறேன்."

"நீ ஒரு மாசம்னு சொன்ன எதுதான் ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கு?"

அவள் குட்டியோடு குளியலறைக்குள் போனாள். மருத்துவர் சொன்னபடி முதலில் சமையல் எண்ணெயைத் தடவி கிரீஸை இளக்கினாள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். ஐந்து தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. துண்டில் சுற்றி அவள் வெளியே வந்தபோது தையல்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "உள்ள போனது கறுப்பு நாய். வெளிய வர்றது வெள்ளை நாயா இருக்கு. எங்க மாத்தின?"

நகத்தைத் தவிர அத்தனையும் வெள்ளை. ஆனாலும் பேர் கிரீஸ் என்றே நிலைத்துவிட்டது.

சாமான் அறையைக் காலி செய்து அட்டைப் பெட்டி வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பை போட்டாள். அதிகாலையில் ஒரு பால், வேலைக்குப் போகுமுன் ஒரு பால், வந்ததும் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. நடுப்பகல் பால் தையல்காரர் தலையில் விழுந்தது. "பாட்டிலை நீட்டுவேன். மூஞ்சியை அந்தப் பக்கம் வெச்சுக்குவேன். மேடம் பாத்தா எனக்கு மரியாதை இருக்காது" என்றார். ஆனால் ஒரு வேளைகூட அவர் தவறவில்லை.

வாசனை பழக வேண்டுமென்று குட்டி படுத்த துணியைப் பூனைகளின் தட்டுக்கடியில் விரித்தாள். பூனைகளின் துணியைக் குட்டியின் பெட்டியில் போட்டாள். ஒற்றைக்கண்ணனும் பஞ்சுவும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். மேடம் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அறைவாசலுக்கு லிஃப்ட்டக்கா ஒரு தடுப்புக் கதவு செய்தாள். சுவரில் படிப்படியாகப் பலகை அடித்து, பூனைகள் தரையையே தொடாமல் முன்னறையிலிருந்து சமையலறை வரை போய்வர வழி பண்ணினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. முட்டி தேய உட்கார்ந்து ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து அடித்த பலகைகள், ஒன்றுகூட அசையாது.

இத்தனைக்கும் பிறகு தடுப்பைத் திறந்த அன்றே சண்டை தொடங்கியது.

கிரீஸ் நேராக மேடத்திடம் போனது. மேடம் காதை மடக்கிச் சீறினாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் கிட்டே போனது. மறுபடி சீறினாள். மூக்கை நீட்டியது. பளார் என்று ஓர் அறை. கத்திக்கொண்டு ஓடிய குட்டி, இரண்டு நிமிஷத்தில் ஒற்றைக்கண்ணனிடம் போய் அதையே செய்து அதையே வாங்கியது. ஒரு தரம் அடி வாங்கினால் எந்தக் குட்டியும் அடுத்த சீறலுக்கு ஒதுங்கிக்கொள்ளும். இது ஒதுங்கவில்லை. நாள் முழுக்க வாங்கியது, வாரம் முழுக்க வாங்கியது.

பத்தாம் நாள் மேடத்தின் தட்டில் தலையை விட்டது. மேடம் மூன்று தரம் சீறினாள். நாலாவது, நகம். குட்டியின் கண்ணிமை கிழிந்து இரத்தம் கொட்டியது.

மருத்துவர் தையல் போட்டார். "கண்ணு தப்பிச்சது. மயிரிழைதான்."

குட்டியாவது மறுநாள் எழுந்து விளையாடியது. மேடம் அலமாரி உச்சியில் ஏறியவள் இறங்கவே இல்லை. ஒரு நாள் சாப்பாடு இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. வயதான பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகும், மூன்றாம் நாள் தாண்டவிடாதீர்கள் என்று மருத்துவர் ஃபோனில் எச்சரித்தார். தையல்காரர் ஸ்டூலில் ஏறி நின்று விரலில் மீனைத் தொட்டு நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார்.

"எனக்கு நாய் மேல வெறுப்பு இல்ல. ஆனா இவளுக்குப் பதினாலு வயசும்மா. இவ வீட்டுல இவளே ஒளிஞ்சு வாழணுமா? முன்னறிவிப்பு இல்லாம அவ யாரையும் அடிச்சதில்ல. தொண்டை கிழியச் சொல்றா. அந்தக் குட்டிக்கு ஏறுதா? செவிடன் காதுல ஊதின சங்கு!"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

அவள் ஸ்பேனரை எடுத்தாள். குட்டிக்குப் பின்னால் போய்த் தரையில் போட்டாள். டங் என்ற சத்தத்தில் மேடமே அலமாரி மேல் துள்ளினாள். குட்டி திரும்பிப் பார்த்தது.

"கேக்குதே" என்றார் தையல்காரர்.

அவளுக்குத் திருப்தி வரவில்லை. குழிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: மேலே லிஃப்ட் அசைந்தால் காதுக்கு எட்டுமுன் சுவரில் வைத்த கைக்கு எட்டிவிடும். ஸ்பேனர் தரையில் விழுந்தது. தரை குட்டியின் காலுக்குச் சொல்லியிருக்கலாம். வேலைக்கு வைத்திருந்த விசிலைக் கொண்டுவந்து, குட்டியின் தலைக்குப் பின்னால் காற்றுப் படாமல் தள்ளி நின்று, முழு மூச்சில் ஊதினாள். பஞ்சு சமையலறைக்கே பறந்துவிட்டாள். தையல்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

கிரீஸ் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

தையல்காரர் தரையில் உட்கார்ந்து, முதல்முறையாகக் குட்டியின் முகத்தை நேராகப் பார்த்து, "அடப்பாவி, அவ சீறினது ஒண்ணுமே உனக்குக் கேக்கலியாடா?" என்றார்.

முழு வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவதுண்டு என்றார் மருத்துவர். "மறைக்காம சொல்றேன். இது கஷ்டமான கேஸ். அதுவும் பூனை இருக்கிற வீடு. சீறுறதுதான் பூனையோட எச்சரிக்கை. அது இதுக்குப் போய்ச் சேராது."

"காதால சேராது, அவ்வளவுதானே டாக்டர்" என்றாள் அவள். "மோட்டார் அறையில நாங்க ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. கையை வெச்சுத்தான் வேலை பாக்கறோம்."

குட்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்கெனவே ஒரு பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார். அவரை அழைத்து உள்ளதைச் சொன்னாள். "சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு பாருங்க..." என்று இழுத்தார். "புரியுதுங்க, பரவாயில்ல" என்று அவள் வைத்துவிட்டாள். மெஷினில் குனிந்திருந்த தையல்காரர் காதில் எல்லாம் விழுந்தது. மாலையில் பார்த்தால் மேஜைமேல் நீலத் துணியில், கயிறு கோத்து நாயைக் கூட்டிப்போகிற மார்ப்பட்டை ஒன்று தைத்து வைத்திருந்தார், உள்பக்கம் மெத்தென்று பஞ்சு வைத்து, குட்டி வளர வளர விட்டுக்கொள்ள மூன்று மடிப்போடு. ஒரு மாசத்துக்குத் தைத்த பட்டை இல்லை அது.

முதலில் மேடத்தின் தட்டை உயரத்தில், தையல் மேஜையின் ஓரத்தில் வைத்தாள். குட்டிக்குத் தடுப்பைப் போட்டாள். பட்டினியின் மூன்றாம் நாள் மதியம், தையல்காரர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேடம் இறங்கிவந்து நாலு வாய் சாப்பிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை லிஃப்ட்டக்கா பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

பிறகு பாடம். தரையில் இரண்டு தட்டு தட்டினால் "என்னைப் பார்". விரித்த உள்ளங்கை "நில்". மூடிய கை "படு". கட்டைவிரல் உயர்ந்தால் "சபாஷ்". எல்லாம் லிஃப்ட்காரர்களின் சைகைகள். வேலை விட்டு வந்து கால்மணி, காலையில் கால்மணி, குட்டி சோர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அடித்ததில்லை, அதட்டவும் இல்லை. அதட்டி என்ன பயன்! ஒற்றைக்கண்ணனைப் பலகைமேல் உட்காரவைத்து, அவன் காது மடங்கும் அந்த நொடியில் தரையைத் தட்டுவாள். குட்டி அவள் பக்கம் திரும்பினால் வாயில் ஒரு துண்டுக் கறி. ஆயிரம் தரமா இரண்டாயிரம் தரமா, யாரும் எண்ணவில்லை. சில நாள் எல்லாம் மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து. நெட்டையன் ஒருநாள் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுத்ததே இல்லியேக்கா" என்றான். "நீ அதட்டினாத்தானே கேக்கறே" என்றாள்.

நாலாவது மாதம் ஒரு காலை அவள் எதையும் தட்டவில்லை, பல் விளக்கிக்கொண்டு நின்றாள். மேடம் நடைவழியில் வந்தாள். எதிரே கிரீஸ், இப்போது மேடத்தைவிடப் பெரிசு. மேடத்தின் காது பின்னால் போனது. குட்டி நின்றது. அந்தக் காதையே பார்த்தது. பிறகு தானாகவே பக்கவாட்டில் திரும்பி, சுவரோரமாகப் படுத்து வழிவிட்டது. மேடம் அவசரமே இல்லாமல் அதைக் கடந்து போனாள்.

பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மேடமும் கிரீஸும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஒருவர் இருப்பதை ஒருவர் பொறுத்துக்கொள்கிறார்கள். பஞ்சு மட்டும் சோபா உறைகளை விட்டுவிட்டு இப்போது நாயின்மேல் தூங்குகிறாள். "இந்த வீட்டுல சொன்ன பேச்சைக் கேக்கறது இது ஒண்ணுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் தையல்காரர் பெருமையடிக்கிறார்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் மருத்துவர் அழைத்தார். ஒருவர் காது கேட்காத நாயைத் வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொல்லி மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். லிஃப்ட்டக்கா வேலை உடுப்போடேயே போனாள். அந்த மனிதர் எழுந்து, "எவ்ளோ கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்குதுங்க" என்று ஆரம்பித்தார்.

"முதல்ல உக்காருங்க" என்றாள் அவள். "பெஞ்சில இல்ல. கீழ, தரையில. செருப்பைக் கழட்டிடுங்க. இப்ப உள்ளங்கையை இப்படி வெச்சு, ரெண்டு தட்டு."

அவர் தயங்கித் தயங்கித் தரையில் உட்கார்ந்து தட்டினார். மூலையில் சுருண்டிருந்த நாய் தலையைத் தூக்கியது.