நிர்மலா கேட்ட கைப்பிடிச்சுவர்

சூளகிரிப் பக்கம் கோவிந்தப்பன் கட்டிய லைன் வீடுகளில் நிர்மலாவுக்கு நல்ல பெயர் கிடையாது. தெற்கே சாயர்புரத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கடைசிச் சோதனை மேசையில் நின்றுகொண்டு, பிசிறு இருக்கிறது என்று பொருளைத் தள்ளித் தள்ளி, அங்கேயும் ஆளாளுக்குப் பகையைச் சம்பாதித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை, குப்பைக்குச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு பக்கத்து வீட்டுக் காளியம்மாளோடு வாய்ச்சண்டை. அன்பான பெண் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. நானும் சொல்லப்போவதில்லை.

கோவிந்தப்பன் நிலத்தில் பாதியைக் கம்பெனிக்கு விற்று, மீதியில் இரண்டு மாடி எழுப்பியவர். மூன்றாவதும் போட்டே தீருவேன் என்று நின்றவர். அதனால் மொட்டைமாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. சுற்றிலும் கைப்பிடிச்சுவர் இல்லை. இப்போது கட்டினால் பிறகு இடிக்க வேண்டுமாம். அந்தக் கம்பிகளில் கொடி கட்டித்தான் எல்லாப் பெண்களும் துணி காயப்போட்டார்கள். பிள்ளைகளும் பின்னாலேயே ஏறின.

ஒரு மத்தியானம் காளியம்மாள் துணியை உதறிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாலு வயது மகள் பிரியதர்ஷினி, உருண்டோடிய பிளாஸ்டிக் மக்கைத் துரத்தி விளிம்புவரை போய்விட்டது. அடுத்த கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நிர்மலா பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். காளியம்மாள் கண்ணில் அந்த அடி மட்டும்தான் பட்டது.

"எம் புள்ளய அடிக்க நீ யாருடி?"

"செத்துருக்கும்லா. ஒனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?"

"எம் புள்ள சாகும்னு வாய் வைக்கிறியா நீ?"

நிர்மலாவுக்குப் பயம் அடங்கியதும் கோபம் வந்தது. காளியம்மாள் மேல் அல்ல, வீட்டுக்காரர் மேல். நேரே கோவிந்தப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, மாடிக்குச் சுவரு கட்டுங்க."

"அடுத்த மாடி போடறப்ப பாத்துக்கலாம்மா. புள்ளைங்கள மேல வுடாதீங்க."

"எங்க வேதத்துல இதுக்குச் சட்டமே இருக்கு. புது வீடு கட்டுனா மாடியச் சுத்திச் சுவரு எழுப்பணும். இல்லாம ஒருத்தன் விழுந்து செத்தா, அந்த ரத்தப்பழி வீட்டு மேலதான்."

"அது உங்க சாமி உங்களுக்குச் சொன்னது. எனக்கு எதுக்கு?"

"எந்தச் சாமியக் கும்பிட்டாலும் விழுந்தா சாவுதான்."

கோவிந்தப்பன் சிரித்தார். "காளியம்மா புள்ளைக்கா இவ்ளோ கத்தற? நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துக்கூடப் பேசமாட்டீங்களே."

"அந்தப் புள்ளய எனக்குப் பிடிக்காது அண்ணாச்சி. அதுக்காக அது சாகணுமா?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்து கேட்ட அவர் மனைவி நாராயணம்மாவுக்குச் சட்டம் காதில் ஏறவில்லை. ரத்தப்பழி மட்டும் ஏறியது. வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்குச் சாபம் விட்டுவிட்டாள் என்று மறுநாளே லைன் முழுக்கப் பேச்சு. அந்த வாரம் பார்த்து அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று செத்தது. அவ்வளவுதான், நாராயணம்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வூட்டு மேல வுட்ட சாபத்த எடுத்துரும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அது சாபமில்லை, சட்டம் என்று சொல்ல நிர்மலா வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அந்த அம்மாள் நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். சுவரும் அதோடு போயிருக்கும். மனித உயிருக்காகச் சொன்ன சட்டத்துக்கு இந்த வீட்டில் ஒருவரும் அசையவில்லை. சாபம் என்றதும் நடுங்குகிறார்கள். வேத வார்த்தையை வைத்துப் பூச்சாண்டி காட்டுவது பாவம் என்பது நிர்மலாவுக்குத் தெரியாததல்ல. அந்தப் பாவத்தைத் தன் தலையில் கட்டிய அத்தனை பேர் மேலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"சுவரு கட்டுனாத்தான் போகும்," என்றாள். "இடுப்பு உயரத்துக்கு. நடுவுல எங்கயும் சந்து இருக்கக் கூடாது."

அடுத்த வாரமே ஹாலோபிளாக் கல் வந்து இறங்கியது. சுவர் எழுந்து பூச்சும் காய்ந்ததும், கோவிந்தப்பன் அவளைக் காலி பண்ணச் சொன்னார். சாபம் விடுகிறவளை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா? லைனில் ஒரு வாய்கூட அவளுக்காகத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவள், இதற்கு ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

குட்டியானை வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது காளியம்மாள் மாடியில் நின்று, மகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி நிர்மலா இருந்த திசையில் துப்பினாள். நிர்மலா கடைசி மூட்டையை வண்டியில் தூக்கிப் போட்டாள்.

அதற்குள் பிரியதர்ஷினி வண்டியை வேடிக்கை பார்க்கும் ஆசையில் அம்மாவின் கையை உதறிக்கொண்டு விளிம்பை நோக்கி ஓடிவந்தது. வந்த வேகத்தில் புதுச்சுவரில் நெற்றி இடித்து, ஊரே கேட்கும்படி அலறியது.

காளியம்மாள் மேலிருந்து கத்தினாள். "போறப்பவும் எம் புள்ளய அழ வச்சுட்டுத்தான் போறா, பாரு."

"அழட்டும்," என்று சொல்லிவிட்டு நிர்மலா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.