வெர்னாவின் டிராக்டரும் ஆர்லினின் சுத்தியலும்

வெர்னா டோலஃப்சனுக்கு வலது கையில் மூன்றே விரல்கள். சின்ன வயதில் சோளம் பறிக்கும் இயந்திரம் மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் விஸ்கான்சின் கிராமத்தில் அவளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "விடு, நான் பண்றேன்." பால் வாளியைத் தூக்கினால் விடு. கார் சக்கரத்தைக் கழற்றினால் விடு. அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீம்பில்தான் பள்ளிப் பேருந்து ஓட்டக் கற்றாள். பனி உறைந்த மேட்டுச் சாலையில், ஓய்வு பெறும்வரை, ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்பு இல்லாமல் ஓட்டினாள்.

கணவன் ஹால்வர் இறந்தபின் அவனுடைய சின்னத் தோட்ட டிராக்டர், அடியில் புல்வெட்டும் கத்தி பூட்டியது, அவளிடம் வந்தது. கூடவே அவன் செய்துவந்த வேலையும் வந்தது, சர்ச் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது. மே மாதக் கடைசித் திங்கள் போரில் இறந்தவர்களின் நினைவு நாள். எங்கெங்கோ போய்விட்ட பிள்ளைகள்கூட அன்று பூவோடு வந்து நிற்பார்கள். அதற்குள் புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இந்த வருஷம் சர்ச் கமிட்டிக்கு அவள்மேல் திடீரென்று கரிசனம் பொங்கியது. பாவம், அவளைக் கஷ்டப்படுத்துவானேன், ஏதாவது கம்பெனியிடம் விட்டுவிடலாமே என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்த ஒரு தடவை சறுக்கினால் வேலை கை மாறிவிடும் என்று வெர்னாவுக்குத் தெரியும். ஹால்வரின் தலைமாட்டுப் புல்லை யாரோ சம்பளத்துக்கு வெட்டிவிட்டுப் போவார்கள். அவளால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் பார்த்தா டிராக்டர் மக்கர் பண்ண வேண்டும்? புதன்கிழமை சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்றது, அவ்வளவுதான். பக்கத்துப் பண்ணை ஆர்லினுக்கு அது எப்படித்தான் காதில் விழுந்ததோ, சுத்தியலோடு வந்து நின்றான். ஆர்லின் நல்லவன், அவளோடு பள்ளியில் படித்தவன். ஆனால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு: எஞ்சினைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் சண்டித்தனம் செய்தால் அதை இரண்டு தட்டு தட்டினால் அதற்குப் புத்தி வந்துவிடும். அப்பாக்கள் காலத்து லாரிகளில் கற்றுக்கொண்ட வைத்தியம். ஆர்லின் தாராளமாகவே தட்டினான். எஞ்சினும் பிடித்துக்கொண்டது. தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி கையசைத்துவிட்டுப் போனான்.

அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் புல் வெட்டச் சாவியைத் திருப்பினால் மோட்டார் லேசாக முனகியது, பிறகு மூச்சே இல்லை. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். விஷயம் தெரிந்ததும் ஆர்லின் தன் பெரிய புல்வெட்டியைக் கொண்டுவருவதாகப் போனில் சொன்னான். அவள் வேண்டாம் என்று வைத்துவிட்டாள். கமிட்டி காத்திருப்பதே அதற்குத்தானே.

வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் உதிரிபாகக் கடையில் புது மோட்டார் கேட்டாள். கடைக்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "இத யாரு மாட்டித் தருவாங்க உங்களுக்கு?" என்றார்.

"கை இருக்கறவங்க யாராவது மாட்டுவாங்க."

அவர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார்.

சனிக்கிழமை காலை காபியை முடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கினாள். மூடியைத் தூக்கினால், விசிறிக்குப் பக்கத்தில் எலி ஒன்று குளிர்காலம் முழுக்க வாடகையில்லாமல் குடியிருந்த வைக்கோல். அதை வாரி வெளியே போட்டாள். மோட்டாரைப் பிடித்திருந்தவை இரண்டு போல்ட்டுகள். முன்னால் இருந்தது சமர்த்தாக வந்துவிட்டது. பின்னால் இருந்தது எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே, இடுக்கில், துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் அடித்து ஊறவிட்டாள். ஸ்பானர் இரண்டு முறை வழுக்கி இடது கையில் தோல் உரிந்தது. சர்ச்சுக்குப் போகிறவள் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மறுபடியும் பிடித்தாள். மூன்றாவது முறை அசைந்தது.

கழற்றிய மோட்டாரைப் பலகைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளிருந்து கறுப்புச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. இந்தச் சின்ன மோட்டார்களுக்குள் காந்தத் தகடுகளைப் பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கிறார்கள். சுத்தியல் அடியில் அவை நொறுங்கியிருந்தன. முதலில் இருந்த கோளாறு மோட்டாருக்குள் படிந்திருந்த வெறும் கரித்தூசி. துணியால் துடைத்திருந்தாலே போதும். வெர்னா ஒரு சில்லையும் விடாமல் பலகையில் கூட்டிவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, யாரும் கூப்பிடாமலே, காருக்குப் பின்னால் கோத்த பின்வண்டியில் பெரிய புல்வெட்டியை ஏற்றிக்கொண்டு ஆர்லின் வந்து இறங்கினான். அவள் சில்லுகளை அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"என்னது இது?"

"காந்தம். நீ தட்டுனதுல ஒடஞ்சது."

ஆர்லின் ஒரு சில்லை விரலால் புரட்டினான். "எங்கப்பா லாரியில ஒடயலயே."

"அது லாரி."

அவன் முகம் சிவந்துவிட்டது. செய்த தப்புக்கு அவனுக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். "சரி, விடு. நான் மாட்டறேன்."

வெர்னா சண்டை போடவில்லை. போல்ட்டை அவனிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். முன் போல்ட்டை மாட்டினான். பின் இடுக்கில் அவன் முரட்டுக் கை மணிக்கட்டுவரைகூடப் போகவில்லை. திருப்பிப் பார்த்தான், குப்புறப் படுத்துப் பார்த்தான். போல்ட் நழுவி விழுந்ததுதான் மிச்சம். வெர்னா அதை எடுத்து, நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஆள்காட்டி விரலில் ஒட்டவைத்துக்கொண்டாள். அவன் கை முட்டி நின்ற இடத்தைத் தாண்டி அவளுடைய வலது கை சுளுவாக உள்ளே போனது.

"இந்த இடுக்குக்குன்னே அளவெடுத்து வெட்டுன கை," என்றாள். அவள் தன் கையைக் கேலி செய்து ஆர்லின் அதுவரை கேட்டதில்லை.

போல்ட்டை இறுக்கி, ஒயரை மாட்டி, கடைசியாகப் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கியது. ஆர்லின் தன் இயந்திரத்தை இறக்காமலே திரும்பிப் போனான். வெளிச்சம் இருந்தவரை அவள் கல்லறை வரிசைகளுக்கு நடுவே வெட்டினாள். ஹால்வரின் கல்லைச் சுற்றி இரண்டு தடவை போனாள்.

திங்களன்று பூ வைத்து முடித்து எல்லோரும் சர்ச்சின் கீழ்க்கூடத்தில் காபிக்குக் கூடினார்கள். சனிக்கிழமை ஆர்லின் பின்வண்டியில் புல்வெட்டியை ஏற்றிப் போனதைக் கமிட்டித் தலைவர் பார்த்திருக்கிறார். நேரே வந்து அவன் தோளில் தட்டினார். "பிரமாதமா வெட்டியிருக்கீங்க ஆர்லின். இனிமே கம்பெனி எதுக்கு? வருஷா வருஷம் நீங்களே பண்ணிடுங்க."

காபி ஊற்றிக்கொண்டிருந்த வெர்னாவின் கை அப்படியே நின்றது. ஆர்லின் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புச் சில்லை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நான் பண்ணது இது ஒண்ணுதான். நல்லா இருந்த மோட்டார சுத்தியால ஒடச்சேன். புதுசு மாட்டுனதும் புல்லு வெட்டுனதும் அவ."

தலைவர் சில்லைப் பார்த்தார், பிறகு வெர்னாவைப் பார்த்தார். "அப்போ அடுத்த வருஷம்..."

"நான்தான்," என்றாள் வெர்னா.

காலியான பெரிய காபிக் கெட்டிலை நிரப்ப அவள் இரண்டு கையாலும் தூக்கினாள். ஆர்லினின் கை பழக்க தோஷத்தில் நீண்டது. பிறகு அதை மடக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டு நின்றான்.