பதினேழு நாள் அணைக்காத கன்சோல்

வீடியோ கேம் கன்சோலின் மூடியைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். அதற்கு மட்டும் தனியாக ஒரு டேபிள் ஃபேன். சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை… போர்ட் பிளேரில் எங்கள் லம்பா லைன் வீட்டின் முன்னறை என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

பதினேழு நாள் அதை நானும் தம்பியும் அணைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு பெங்காலி அங்கிள் டிரான்ஸ்ஃபரில் மெயின்லேண்ட் போனபோது கொடுத்துவிட்டுப் போனது. கன்சோல், ஒரு சிவப்புத் துப்பாக்கி, ஒரே ஒரு சிடி. டிவியைப் பார்த்துக் குறி வைத்துச் சுட வேண்டும். சுடச் சுட நம் ஆள் வளருவான், லெவல் ஏறும், ஊருக்குள் போய் மருந்தும் புது ஆயுதமும் வாங்கலாம். கதையும் உண்டு. எங்கள் ஆளுக்கு மணி என்று பெயர் வைத்தோம்.

ஒரே குறை, மெமரி கார்டு இல்லை. அணைத்தால் மணி காலி, மறுபடி முதலிலிருந்து. போர்ட் பிளேர் கடை எதிலும் கார்டு கிடைக்கவில்லை. லீவில் சென்னை போயிருந்த அப்பாவிடம் எஸ்டிடி பூத்திலிருந்து கெஞ்சினோம். வாங்கிவிட்டேன் என்றார். ஆனால் கப்பல்? கடல் சரியில்லை என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. அதுவரை டிவியை மட்டும் அணைப்போம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர்.

அப்பா ஊரில் இருந்திருந்தால் ஒரு நாள்கூட இது நடந்திருக்காது. ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் அவர் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும்.

இதில் ஒரு மர்மம் வேறு. காலையில் லெவல் ஒன்பதில் விட்டுப்போன மணி, ஸ்கூல் விட்டு வந்தால் பதினொன்றில் நிற்பான். தம்பிக்கு என்மேல் சந்தேகம், எனக்கு அவன்மேல். சண்டை என்றால் எங்களுக்கு ஹிந்திதான் முந்திக்கொண்டு வரும்.

"ஜூட் மத் போல் அக்கா. லன்ச்ல ஓடி வந்து விளையாடிட்டுப் போறது நீதான்."

"பொய் சொல்றது நானா? உன் மூஞ்சியே சொல்லுது."

"கத்தினா ரெண்டு பேருக்கும் கிடையாது," என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும்.

பதினேழாம் நாள் அப்பாவின் கப்பல் வந்தது. கடைசிக் கோட்டை வாசலில் மணியை நிறுத்திவிட்டு ஸ்கூலுக்குப் போனோம். உள்ளே ஒரே ஒரு ராட்சசன்தான் பாக்கி. வந்ததும் கார்டில் சேவ் செய்துவிட்டு, நிதானமாக அவனை முடிப்பதாகத் திட்டம்.

வந்து பார்த்தால்… கன்சோல் ஜில்லென்று இருந்தது. ஃபேனும் நின்றிருந்தது. அப்பா பயணக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் பிரிக்காத மெமரி கார்டு.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். தம்பி கார்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"நான் தொடலடா," என்றார் அப்பா. ஒரே ஒரு முறை. அதற்குமேல் அவர் வாதாடவில்லை. யார் நம்புவார்கள்? ஒரு வாரம் அவரோடு நாங்கள் பேசவில்லை. அதற்குப் பிறகும் வீட்டில் எது நின்றுபோனாலும் "அப்பா கை வச்சிருப்பாரு" என்பது எங்கள் கிண்டல். இருபது வருஷத்துக்கு மேல்…

போன வாரம் தம்பி வந்தான். கப்பலெல்லாம் இல்லை, சென்னையிலிருந்து ஃபிளைட்டில் ரெண்டு மணி நேரம். பரணில் அந்தச் சிவப்புத் துப்பாக்கி கிடைத்தது. எப்படியோ கன்சோலைப் புது டிவியில் மாட்டினான். படம் வந்தது, ஆனால் சுட்டால் ஒருத்தனும் விழவில்லை. பழைய பெட்டி டிவியில்தான் அது வேலை செய்யுமாம்.

"அந்தக் கடைசி ராட்சசன் எப்படி இருப்பான்னு தெரியாமலே போச்சு," என்றான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அவனுக்கு மூணு தலைடா. முதல்ல ஓரத்துத் தலைங்கள சுடணும். நடுவுல சுட்டா முளைச்சுகிட்டே இருக்கும்."

சேனல் மாற்றக்கூட எங்களைக் கூப்பிட்ட அம்மா இவள்.

"உனக்கு… எப்படிம்மா தெரியும்?"

"நீங்க போயிட்டா பேச யாரு இருக்கா? தூசி தட்டறப்ப ஒருநாள் கையில எடுத்தேன், அப்புறம் தினமும். கப்பல் வந்த அன்னிக்கு அவன முடிச்சேன். எழுத்தா ஓடுச்சு, அப்புறம் முதல் படமே வந்துச்சு. முடிஞ்சத எதுக்கு ஓட விடணும்னு நான்தான் அணைச்சேன்."

நான் கேட்டேன், "அப்பாவ இத்தன வருஷம் குத்திக் காட்டினோமே. ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ அழுத அழுகையில வாய் வரல. அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. அதோட நிறுத்திகிட்டாரு."

இப்போது என் மகள் ஃபோனில் விளையாடுவதெல்லாம் தானாகவே சேவ் ஆகிறது. அவளுக்கு இதைச் சொன்னால் புரியுமா, தெரியவில்லை.

அன்று அம்மா சொல்லி முடித்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். ஓடிக்கொண்டிருந்த கன்சோலைப் பார்த்தார். குனிந்து சுவிட்ச் வரை போன கையை நிறுத்தி எங்களைக் கேட்டார்.

"அணைக்கலாமா?"

கன்சோல் ஜில்லென்று கிடந்த அந்த நாளிலிருந்து எங்கள் பொருள் எதையும் அவர் கேட்காமல் அணைத்ததில்லை. தப்பு செய்தவர் திருந்திவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.