நேராகப் பறந்தால் ரிமோட் எனக்கு

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என் கையில் தராத ஒரே பொருள் அவருடைய பொம்மை விமானத்தின் ரிமோட்தான். விழுந்ததை ஒட்ட நான் வேண்டும். பறக்க விடக் கேட்டால் மட்டும் "ஒனக்குக் கை நடுங்கும்" என்பார். நாள் முழுக்க ஊசியில் நூல் கோர்க்கிற தையல்காரிக்குக் கை நடுங்குமாம்!

போன மாதம் நாவுலயில், அறுவடை முடிந்த வயலில், அது இடது பக்கமே சாய்ந்து போய் வரப்பில் விழுந்தது. காற்று சரியில்லை, மோட்டார் சரியில்லை என்று எங்கள் ஊர் பலாபத்வல வரும்வரை ஓட்டோவில் புலம்பிக்கொண்டே வந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து இறக்கையைத் தையல் மேசையில் வைத்தால், கோணல் உண்மையாகவே இருந்தது. இடது இறக்கையின் பின் ஓரம் விரல் தடிப்புக்கு மேலே தூக்கியிருந்தது. அதை மூடியிருப்பது சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் தாள். முந்தின வாரம் மேல் பக்கத்தில் ஒரு கிழிசலை, நான் இல்லாத நேரம் பார்த்து, இவரே அயன் பெட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கிறார்.

"அயன எதுல வச்சீங்க?"

"காட்டன்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். அந்தச் சூட்டில் மேல் தாள் மட்டும் இறுகி, உள்ளேயிருந்த மரச் சட்டத்தையே முறுக்கிவிட்டது. கோபத்தோடு கோபமாக ஒரு பந்தயமும் கட்டினேன்.

"நான் நிமித்தித் தாரேன். நீங்க கைய எடுத்தாலும் நேராப் பறந்துச்சுன்னா, ரிமோட் எனக்கு."

"சரி" என்றார், நடக்காது என்ற தைரியத்தில்.

அயனைப் பட்டுச் சேலைக்கு வைக்கும் சூட்டில் வைத்தேன். அவரை இறக்கையை எதிர்ப் பக்கமாக முறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். தாளில் விழுந்த சுருக்கங்களை மெல்லிய துணி போட்டுத் தேய்த்தேன். "ஆறுற வரைக்கும் விட்டீங்கன்னா தொலைச்சிருவேன்" என்றதும் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். மூன்று தடவை செய்த பிறகு இறக்கை மேசையோடு ஒட்டிப் படிந்தது. பின் ஓரத்துக்கு அடியில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே வயல். அவர் மேலே ஏற்றி, ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டைவிரலையும் எடுத்தார். விமானம் அப்படியே நேராகப் போனது. வயலைத் தாண்டியும் நேராகவே போனது!

"இன்னும் ஒரு ரவுண்டு..." என்று இழுத்தார்.

"ரிமோட்டத் தாங்க."

தந்தார். தூரத்தில் வளைத்தேன், வளைந்தது. ஆனால் அது என்னை நோக்கித் திரும்பியபோது இடது வலதாகிவிட்டது. நான் ஒரு பக்கம் தள்ள, அது மறுபக்கம் சாய்ந்தது. அவர் கத்தினார். நானும் கத்தினேன். எப்படியோ நிமிர்த்தி, வைக்கோலில் மூக்கால் இறக்கினேன்.

அவர் ஓடிப்போய்த் தூக்கினார். "மூக்குல சுத்துற காத்தாடி ஒடஞ்சிருச்சு!"

"எறக்க?"

கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எறக்க நேராத்தான் இருக்கு."

"அப்ப பைல இருக்கிற வேற காத்தாடிய மாட்டுங்க" என்றேன். ரிமோட்டை வாங்கக் கை நீட்டியவருக்கு நான் ஸ்குரூடிரைவரைக் கொடுத்தேன்.